பெரிய குழந்தைக்கும் ஸ்ட்ரோலர் வேண்டுமா? முதல்முறை தீம் பார்க் போகிறவர்களுக்கு

என் மகளுக்கு அப்போது ஆறு வயது முடிந்து இரண்டு மாதம். ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் மடக்கு வண்டியை, மூன்று வயதிலேயே மடித்துப் பரணில் போட்டாயிற்று. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவளுக்கு இனி அது எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் முதல்முறை ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனோம்.

மதியம் இரண்டரை மணி இருக்கும். நடந்துகொண்டே வந்தவள் பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "கால் வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். நுழைவாயிலில் ஸ்ட்ரோலர் வாடகைக்குத் தருவார்களே என்று நான் மட்டும் திரும்பி நடந்தேன். போய்ச் சேர இருபது நிமிடம். இருந்ததெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். அப்புறம் இரவு வரை 21 கிலோவை நானும் என் கணவரும் மாறி மாறி உப்புமூட்டை சுமந்தோம். அவள் ஒரு மாதமாகக் காத்திருந்த வாணவேடிக்கை தொடங்கியபோது என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். என் முதுகுவலி இரண்டு நாளில் போய்விட்டது. அவள் அதைப் பார்க்காமல் போனது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்து, திருத்திக்கொண்டு கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து முதல் எட்டு வயதுக்குள் குழந்தை இருக்கிறது, முழுநாள் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

1. வயதை விடுங்கள், காலடியை அளந்து பாருங்கள் (மூன்று வாரத்துக்கு முன்)

குழந்தை குளித்துவிட்டு ஈரக்காலோடு வரும்போது, தரையில் வழக்கம்போல நடந்து வரச் சொல்லுங்கள். ஒரு குதிகால் தடத்திலிருந்து அடுத்த குதிகால் தடம் வரை டேப் வைத்து அளங்கள். இப்படி நான்கைந்து காலடி அளந்து சராசரி எடுத்தால் போதும். என் மகளுக்கு 46 செ.மீ. வந்தது. எனக்கு 68.

பெரிய பூங்காவில் காலையிலிருந்து இரவு வரை இருந்தால் 10 கி.மீ. நடப்பது சாதாரணம். ஃபுளோரிடாவில் இருக்கும் எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றும் பாதை ஒன்றே கிட்டத்தட்ட 2 கி.மீ. வரும். அந்தப் பத்து கிலோமீட்டருக்கு நான் வைப்பது 15,000 காலடிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் வைப்பது கிட்டத்தட்ட 22,000. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான், அவள் சோம்பல்பட்டு உட்காரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அடுத்து ஒரு ஒத்திகை. ஒரு விடுமுறை நாளில் மிருகக்காட்சிசாலை, பெரிய தோட்டம் என்று எங்காவது ஐந்தாறு மணி நேரம் நடக்கிற மாதிரி கூட்டிப்போங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாக் குழந்தையும் அப்போது ஓடும். நான்காவது மணியில் எப்படி இருக்கிறது, மறுநாள் காலை எழுந்ததும் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பூங்காவுக்குப் போகப்போகிறீர்கள் என்றால் அந்த மறுநாள் காலைதான் முக்கியம். முதல் நாள் தாக்குப்பிடிக்கிற குழந்தை இரண்டாம் நாள் பதினோரு மணிக்கே தளர்ந்துவிடும்.

பூங்காவே வேண்டாம், அக்கம்பக்கத்தில் கொஞ்சம் நடந்தாலே தினமும் கால் வலிக்கிறது என்கிறதா, நொண்டுகிறதா? அதற்கு ஸ்ட்ரோலர் பதில் இல்லை, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரைடு வரிசைக்குள் ஸ்ட்ரோலரைப் பொதுவாக விடமாட்டார்கள். வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் வரிசைக்குப் போகவேண்டும். ஆகவே 40 நிமிட வரிசையில் குழந்தை நின்றுதான் ஆகவேண்டும். ஒரு ரைடிலிருந்து அடுத்த ரைடுக்குப் போகும் நடை, ஊர்வலத்துக்கு இடம் பிடித்துக் காத்திருக்கும் நேரம், மதியத் தூக்கம், இரவில் வாகன நிறுத்துமிடம் வரை போகும் அந்த நீண்ட நடை, இவற்றுக்குத்தான் ஸ்ட்ரோலர் உதவும். வரிசையில் நின்ற கால் வெளியே வந்ததும் உட்கார்ந்துவிட்டால், அடுத்த வரிசையில் நிற்க அதற்குத் தெம்பு இருக்கும்.

யாருக்கு வேண்டாம்? அரை நாள் மட்டும் போகிறவர்கள், சின்னப் பூங்காவுக்குப் போகிறவர்கள், தங்குமிடம் பக்கத்திலேயே இருந்து மதியம் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வருகிறவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். மதிய ஓய்வை நம்புகிறீர்கள் என்றால் அதை உண்மையிலேயே எடுக்கவேண்டும். "இன்னும் ஒரே ஒரு ரைடு" என்று மூன்று மணி ஆகிவிட்டால் அந்தத் திட்டம் அவ்வளவுதான்.

2. எடையையும் உயரத்தையும் பாருங்கள்

பரணில் இருக்கும் பழைய ஸ்ட்ரோலரைத் தூசி தட்டி எடுப்பதற்கு முன் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று அதில் இருக்கும். சிலவற்றில் 15 கிலோதான். பல ஸ்ட்ரோலர்களுக்கு 22 கிலோ. இருக்கையில் 22 கிலோ வரை உட்காரும் ஸ்ட்ரோலருக்கு ஐரோப்பாவில் தனித் தரவிதியே இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டில் (எப்காட்டும் சேர்ந்த ஃபுளோரிடா பூங்காத் தொகுப்பு) வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை ஸ்ட்ரோலருக்கும் வரம்பு 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, நடுத்தர எடையுள்ள குழந்தை ஆறு வயதில் 20 கிலோவைத் தாண்டும், ஏழு வயதில் 22, 23 கிலோவுக்கு வரும். அதனால் சாதாரண ஸ்ட்ரோலர் ஏழு வயதை ஒட்டிக் கைவிட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு கிலோதானே கூட" என்று உட்காரவைக்காதீர்கள். குழந்தையின் எடையோடு கூடையில் வைக்கும் பையும் தண்ணீர் பாட்டிலும் சேர்கின்றன. மடிப்பு மூட்டு ஒருமுறை வளைந்தால் பிறகு பூட்டு சரியாக விழாது, உட்கார்ந்திருக்கும்போதே மடியப் பார்க்கும்.

எடை சரியாக இருந்தாலும் உயரம் இடிக்கும். குழந்தையை உட்காரவைத்து மூன்று விஷயம் பாருங்கள்: தலை மேல்மூடியில் முட்டுகிறதா, தோள்வாரை நீட்டினால் மாட்ட வருகிறதா, பாதம் கால்பலகையில் நிற்கிறதா. கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டாம் பயணத்தில் அவளுடைய ஷூ நுனி கால்பலகையைத் தாண்டித் தொங்கி, முன்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வண்டி சட்டென்று நின்றது. நல்லவேளை, ஷூவோடு போயிற்று.

22 கிலோவைத் தாண்டிய, உடல்நலக் காரணத்தால் அதிகம் நடக்கமுடியாத குழந்தைகளுக்கென்றே பெரிய ஸ்ட்ரோலர்கள் இருக்கின்றன. 45 கிலோவுக்கு மேல் தாங்குபவையும் உண்டு. விலை அதிகம், அதனால் முதலில் வாடகைக்குக் கேளுங்கள்.

சின்னக் குழந்தையும் கூட இருந்தால் அதன் ஸ்ட்ரோலருக்குப் பின்னால் மாட்டும் நின்று போகும் பலகை ஒன்று கிடைக்கிறது. நடப்பது மிச்சம்தான், ஆனால் பெரிய குழந்தை நின்றுகொண்டே இருக்கவேண்டும், தூங்கவும் முடியாது. முழுநாளுக்கு இரட்டை ஸ்ட்ரோலர்தான் சரி.

3. பூங்காவின் விதியைப் படித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்

முதலில் வாங்கிவிட்டு வாசலில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களில் அகலம் 79 செ.மீ., நீளம் 132 செ.மீ. என்பதற்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். பெரிய குழந்தைகளுக்கு வசதி என்று பலர் வாங்கும் தள்ளுவண்டி மாதிரியான ஸ்ட்ரோலர் வேகன் அங்கே 2019 மே 1 முதல் அறவே கூடாது. மடித்துத்தான் கொண்டுவருவேன் என்றாலும் கூடாது. மற்றப் பூங்காக்களின் விதி வேறாக இருக்கும். அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தில் போகிற வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதோடு, வாகன நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை எப்படிப் போவீர்கள் என்றும் பாருங்கள். டிராம், பேருந்து என்றால் பெரும்பாலும் மடித்துத்தான் ஏற்றவேண்டும். ஒரு கையில் தூங்கும் குழந்தை, இன்னொரு கையில் ஸ்ட்ரோலர். ஒற்றைக் கையால் மடிக்கமுடிகிற வண்டி வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கடையிலேயே ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மடித்துப் பாருங்கள்.

4. வாடகையா, சொந்தமா? செலவுக் கணக்கு

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பூங்காவுக்குள்ளேயே வாடகைக்கு எடுப்பது. ஒரு நாள் மட்டும் போகிறீர்கள், குழந்தை உட்காருமா என்பதே சந்தேகம் என்றால் இதுதான் நல்லது. ஆனால் நிறைய இடங்களில் இவை கெட்டிப் பிளாஸ்டிக் வண்டிகள். முதுகுப்பக்கம் சாயாது, தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கும். பெரும்பாலும் பூங்கா வாசலோடு திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், அதாவது வாசலிலிருந்து கார் வரை மறுபடியும் உப்புமூட்டைதான். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கால் அதிகம் வலிக்கிற கடைசி ஒரு கிலோமீட்டருக்கு வண்டி கையில் இருக்காது.

இரண்டாவது, வெளியே இருக்கும் வாடகை நிறுவனங்கள். தங்குமிடத்துக்கே கொண்டுவந்து தருவார்கள், நல்ல வண்டியாகக் கிடைக்கும். வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் நீங்கள் நேரில் இருக்கவேண்டுமா, வரவேற்பறையில் விட்டால் போதுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒருமுறை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்தரைக்கு வந்தது. கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் முழுக்க அறையிலேயே போயிற்று. அன்றிலிருந்து முதல் நாள் மாலையே கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, சொந்தமாக எளிய மடக்கு ஸ்ட்ரோலர் ஒன்றை வாங்குவது. பழையது கிடைத்தாலும் போதும், பிரேக்கும் பூட்டும் சரியாக இருந்தால்.

கணக்கு எளிது. பூங்கா வாடகையை நாட்களால் பெருக்குங்கள். வெளி வாடகைக்குக் கொண்டுவரும் கட்டணத்தையும் சேதக் காப்புக் கட்டணத்தையும் சேருங்கள். சொந்த வண்டிக்கு விலையோடு விமானத்தில் கட்டணம் ஏதும் உண்டா என்று பார்த்துச் சேர்த்து, திரும்பி வந்து விற்றால் கிடைப்பதைக் கழியுங்கள். என் அனுபவத்தில் ஒரு நாளுக்குப் பூங்கா வாடகை, மூன்று நாளும் அதற்கு மேலும் என்றால் சொந்த வண்டி அல்லது வெளி வாடகை. டெபாசிட்டைச் செலவாகக் கணக்கிடவேண்டாம், ஆனால் அந்தப் பணம் சில நாள் கையில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

5. ஆவணங்கள்

வாடகைக்கு எடுக்கும்போது சில இடங்களில் அடையாள அட்டை கேட்பார்கள், சில இடங்களில் டெபாசிட்டுக்குக் கார்டு கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கட்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள், உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னி வேர்ல்டில் ஒரே நாளில் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அந்த ரசீதைக் காட்டி அங்கே வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம். வண்டியைக் கையில் வாங்கியதும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏற்கனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பணம் கட்டவேண்டாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: கைக்குழந்தை என்றால் பெரும்பாலான விமானங்களில் ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்பார்கள். பெரிய குழந்தை, அதற்கென்று தனி இருக்கை என்றால் விதி விமானத்துக்கு விமானம் மாறும். டிக்கெட் எடுக்கும்போதே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் போனில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் அதைக் காட்டினால் பேச்சு நீளாது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆட்டிசம், தசைத் தளர்ச்சி, இதயக் கோளாறு போன்ற காரணங்களால் வரிசையிலும் உட்கார்ந்தே இருக்கவேண்டிய குழந்தை என்றால், ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலிக்குச் சமமாக நடத்த அனுமதி கேட்கலாம். டிஸ்னி பூங்காக்களில் விருந்தினர் சேவை மையத்தில் இதற்கென்று ஒரு அட்டை தருகிறார்கள்; அதை வண்டியில் கட்டினால் வரிசைக்குள்ளும் தள்ளிக்கொண்டு போகலாம். மற்றப் பூங்காக்களில் என்ன ஏற்பாடு என்று முன்பே எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் மருத்துவர் கடிதமும் முன்பதிவும் வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் அந்த ஏற்பாடு.

6. குழந்தையிடம் பேசுங்கள் (ஒரு வாரத்துக்கு முன்)

"நான் ஒண்ணும் பாப்பா இல்ல." ஸ்ட்ரோலர் என்றதும் என் மகள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவள் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் வண்டியை அவள் பொறுப்பில் விட்டோம். இது நம் பை வண்டி, நீதான் தள்ளவேண்டும், கால் வலித்தால் நீயே ஏறிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம் என்றோம். காலை முழுக்கப் பெருமையாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டே காலுக்கு, யாரும் கேட்காமல், பைகளைக் கீழ்க்கூடைக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கட்டாயப்படுத்தி உட்காரவைக்காதீர்கள். உட்கார்ந்த குழந்தையை "இவ்வளவு பெரிய பிள்ளையா" என்று கேலி செய்யவும் யாரையும் விடாதீர்கள், அது தாத்தா பாட்டியாக இருந்தாலும் சரி. போகிற வருகிற யாராவது ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்கள் உங்கள் குழந்தையின் 22,000 அடியை எண்ணவில்லை.

7. அன்றைய நாள்

பூங்கா வாடகை என்றால் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள், உள்ளே போனதும் முதல் வேலை அதுதான். "தேவைப்பட்டால் மதியம் எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்து நாங்கள் பட்டது போதும்.

வண்டியில் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு கலர் ரிப்பன் கட்டுங்கள். நிறுத்துமிடத்தில் ஒரே மாதிரி நூறு வண்டி நிற்கும். ஊழியர்கள் ஒழுங்குபடுத்தும்போது நகர்த்தியும் வைப்பார்கள். விட்ட இடத்தில் இல்லை என்றால் பதறாமல் அந்த வரிசை முழுக்கத் தேடுங்கள். வண்டியில் உங்கள் போன் எண்ணை ஒட்டலாம், ஆனால் குழந்தையின் பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுதவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். பணம், பாஸ்போர்ட், மருந்து எதையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள்.

கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். குழந்தை எழுந்ததும் வண்டி பின்பக்கம் சாயும். கனமெல்லாம் கீழ்க்கூடையில்.

தூங்குகிறது, வெயில் படுகிறது என்று மேலே துணியைப் போட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு வேகமாக ஏறும். நிழலைத் தேடி நிறுத்துங்கள், மேல்மூடியை இழுத்துவிடுங்கள், அவ்வளவே. உட்கார்ந்து வரும் குழந்தை தானாகத் தண்ணீர் கேட்காமல் இருந்துவிடலாம், அதனால் தண்ணீரை நீங்கள்தான் நினைவுபடுத்தவேண்டும்.

ஷூ பழகியதாக இருக்கட்டும்.

8. இரவில் வெளியே வரும்போது

வாணவேடிக்கை முடிந்த அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் ஒரே வாசலை நோக்கி நடப்பார்கள். கூட்டத்துக்குள் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போனால் முன்னால் போகிறவர்களின் குதிகாலில்தான் இடிக்கும். ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டு, இருபது நிமிடம் உட்காருங்கள். கூட்டம் தானாகக் கரையும்.

வாடகை வண்டியை வாசலில் விடவேண்டும் என்றால், ஒருவர் முன்னால் போய்க் காரையோ டாக்ஸியையோ எவ்வளவு பக்கத்தில் கொண்டுவரமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொண்டுவரட்டும். மற்றவர் கூட இருக்க, குழந்தை கடைசி வரை வண்டியிலேயே இருக்கட்டும். திருப்பிக் கொடுப்பதற்கு முன் கூடையையும் இருக்கைப் பின்பையையும் கையை விட்டுத் துழாவுங்கள். எங்கள் வீட்டு நீலத் தொப்பி ஒன்று இன்னும் ஏதோ ஒரு வாடகை ஸ்ட்ரோலரின் பின்பையில்தான் கிடக்கிறது. டெபாசிட் திரும்ப வந்ததற்கான சீட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பணம் கணக்கில் விழாவிட்டால் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.